யன்னல் கல் இருந்த தொட்டி

அலுவலகத்தில் எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் வட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்றவர்களையும் அதில் சேர்த்திருக்கிறார்கள், பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வதற்காக. அண்மையில் அதில் ஒரு படம் வந்தது. உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி. அதை மீன்தொட்டியின் விளிம்பில் மாட்டிவிட்டால் நீரின் உப்பு, வெப்பம், காரம் எல்லாவற்றையும் தானே அளந்து கைபேசிக்கு அனுப்பிவிடுமாம். “மிஸ், இனி ஆரும் உங்களைப்போலத் தண்ணியை நக்கிப் பார்க்கத் தேவையில்லை” என்று கீழே ஒருவர் எழுதியிருந்தார். சிரிக்கும் முகங்கள் நிறைய விழுந்தன. ஒரு பிள்ளை மட்டும் ஒழுங்காகக் கேட்டிருந்தாள்: வீட்டில் பெரிய முருகைத் தொட்டி, அதாவது பவளம் வளரும் கடல்நீர்த் தொட்டி, வைப்பதென்றால் எங்கே தொடங்குவது, எது பிழையாகப் போகும், எழுதித் தர முடியுமா என்று.

எழுதலாம். ஆனால் வீடு ஒன்றில் நான் வைத்த பெரிய முருகைத் தொட்டி ஒன்றே ஒன்றுதான். அதுவும் ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகு, இன்னொருவருடைய வீட்டில். அதைப் பற்றி எழுத வெளிக்கிட்டால் தண்ணீரோடு நிறுத்த முடியாது.

என் பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். விலங்கியல் பட்டத்தோடு கொழும்புக்குப் போனேன். ஏற்றுமதிக்குப் போகும் அலங்கார மீன்களை மறித்து வைத்துப் பரிசோதிக்கும் ஆய்வுகூடம். முதலில் கண்ணாடி கழுவினேன். பிறகு கண்ணாடி கழுவுகிறவர்களை மேற்பார்வை செய்தேன். இடையில் இருந்ததெல்லாம் சேர்.

எங்கள் மேலதிகாரியை எல்லோரும் சேர் என்றே அழைத்தோம். காலிப் பக்கத்து மனிதர். சேட்டுக் கையை முழங்கைக்கு மேலே மடித்திருப்பார். ஆனால் அவர் அவசரப்பட்டுத் தொட்டிக்குள் கை வைத்து நான் பார்த்ததில்லை. ஏதாவது செத்து மிதந்தால் நாங்கள் வலையோடு ஓடுவோம். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நிற்பார். அவருக்குத் தெரிந்த தமிழ் வசனம் ஒன்றுதான்: “கொஞ்சம் பொறு.” அதை எனக்காகவே மனப்பாடம் செய்தார் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

ஒருமுறை ஒரு தொட்டியில் இறால்கள் மட்டும் செத்தன. பக்கத்தில் மீன்கள் கொழுத்துத் திரிந்தன. சேர் விரல் நுனியை நனைத்து நாக்கில் வைத்தார். பிறகு என் விரலையும் நனைக்கச் சொன்னார். உப்புக்குப் பின்னால் ஒரு கைப்பு. சின்ன வயதில் பித்தளைக் குவளையில் நீண்ட நேரம் இருந்த தண்ணீரைக் குடித்தது நினைவுக்கு வந்தது. நீர் நிரப்பும் குழாயில் யாரோ புதிதாகப் பித்தளை இணைப்புப் பூட்டு ஒன்று போட்டிருந்தார்கள். பித்தளையில் செம்பு இருக்கிறது. செம்பு மீனுக்கு மருந்து. எலும்பில்லாத உயிர்களுக்கு, இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும், அது நஞ்சு.

நான் உடனே அறிக்கை எழுத உட்கார்ந்தேன். “கொஞ்சம் பொறு” என்றார் சேர். பூட்டைக் கழற்றி, நீரை மாற்றி, புது இறால் விடச் சொன்னார். அவை உயிரோடு இருந்தன. திரும்பவும் பூட்டை மாட்டச் சொன்னார். அவை செத்தன. இன்னொரு தொட்டியிலும் அதையே செய்யச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அவர் ஆங்கிலத்தில் சொன்னதை இப்படித்தான் தமிழில் சொல்ல முடியும்: “ஒருமுறை பார்த்தது வீட்டில் போய்ச் சொல்வதற்கு. இரண்டுமுறை பார்த்தது நித்திரை கெடுவதற்கு. மூன்றுமுறை பார்த்தது மட்டும்தான் எழுதுவதற்கு.”

முப்பது வருடத்துக்கு மேலாக அந்த விதியின்படி எழுதினேன். பிறகு பென்சனும் ஒரு சுவர் மணிக்கூடும் தந்து அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் என் ஊரான கரம்பொனுக்கு வந்து சேர்ந்தேன்.

அதே தீவில், சுருவிலில் நந்தன் வீடு கட்டியது அதற்குப் பிறகு. நந்தன் நோர்வேயில் இருந்து திரும்பியவர், என்னைவிடச் சில வயது இளையவர். மாபிள் பதித்த பெரிய மண்டபம். அந்த மண்டபத்தில் ஒரு கடல் வேண்டும் என்று அவருக்கு ஆசை. மதிலுக்கு அப்பால் ஒரு கடல் சும்மா கிடப்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லைப் போலும். நான் சொன்னேன்.

“அது வேற, அக்கா” என்றார். “இது அம்மாவுக்கு.”

அவர் சொன்னதிலிருந்து விளங்கியது இது. அதே காணியில் பழைய வீடு ஒன்று இருந்தது. சண்டைக் காலத்தில் கூரை போய்விட்டாலும் சுவர்கள் நின்றன. இங்கத்தைய பழைய வீடுகள் எல்லாம்போல முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது; அதாவது, எப்போதோ கடலில் இருந்த பவளம். தாயை நோர்வேக்கு அழைத்து வைத்துக்கொண்டு, அவர் அங்கே இருக்கும்போதே நந்தன் இங்கே சுவர்களை இடிப்பித்துவிட்டார். புது வீட்டைக் காட்டி அம்மாவைத் திகைக்க வைக்கலாம் என்று எண்ணம். அம்மா திகைத்தார். வாசல் படலையில் நின்று, “என்ரை வீடு எங்கை?” என்று கேட்டாராம். அதன் பிறகு மகனோடு அதிகம் பேசவில்லை.

இடித்த கற்கள் வளவின் மூலையில் குவியலாகக் கிடந்தன. அந்தக் கற்களையே தொட்டிக்குள் அடுக்கி, அம்மாவின் வீட்டைக் கடலாக்கித் திருப்பிக் கொடுக்கலாம் என்பது நந்தனின் யோசனை. வெளிநாட்டில் நெடுநாள் இருந்தவர்களுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும். ஆனால் தொழில்முறையில் பார்த்தால் அது நல்ல யோசனை. உயிருள்ள முருகையைக் கடலில் உடைப்பது குற்றம். காய்ந்து கிடக்கும் வீட்டுக் கல்லில் ஆருக்கும் பாவமில்லை. சம்மதித்தேன்.

பிள்ளை கேட்டாள் அல்லவா, முறையைச் சொல்கிறேன். தொட்டியைப் பார்க்கும் முன் தரையைப் பாருங்கள். நீர் நிறைந்த தொட்டியின் பாரம் ஒரு வாகனத்தின் பாரம். மாபிளுக்குக் கீழே சீமெந்துத் தளம் இல்லாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். வெயில் நேரே விழும் சுவர் வேண்டாம். தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி. அழுக்கை நுரையாகப் பிரித்து எடுக்கும் பொறியும் சூடு பார்க்கும் கருவியும் அங்கேதான் இருக்கும், அழகெல்லாம் மேலே. நீருக்கு ஆழமில்லாத களப்புப் பக்கம் போகாதீர்கள். அங்கே மழைக்கு ஓர் உப்பு, வெயிலுக்கு ஓர் உப்பு. வெளிக்கடலில், நீர் ஏறிவரும் நேரத்தில் எடுத்து, மூடிய பிளாஸ்ரிக் பரல்களில் இருட்டில் அடையவிட வேண்டும். ஆவியாகிக் குறைகிற நீருக்குக் கிணற்றை நம்பாதீர்கள். உப்பு ஆவியாவதில்லை, தீவுக் கிணறு அதற்கு மேல் தன் பங்கையும் போடும். வடித்த நீர் மட்டும் விடுங்கள்.

கல்லுக்குத்தான் பொறுமை வேண்டும். சுண்ணாம்பைச் சுரண்டி, நல்ல தண்ணீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, திரும்பவும் ஊறவைத்து, பிறகு கடல்நீரில், இருட்டில், நீரைச் சுழற்றும் பம்பியை ஓடவிட்டு வைத்திருக்க வேண்டும். அமோனியா ஏறும், இறங்கும். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கல்லில் குடியேறியதற்கு அதுதான் அடையாளம். அதுவரை ஒரு மீனும் விடக்கூடாது.

நான் சுரண்டிக்கொண்டிருந்தபோது நந்தனின் தாய் தங்கரத்தினம் அம்மா குவியலுக்குள் குனிந்து எதையோ தேடினார். எண்பதைத் தாண்டியவர். கல்லுக்கல்லாகத் தடவினார். கடைசியில் ஒன்றைத் தூக்க முடியாமல் அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பக்கம் யன்னல் நிலை இருந்த பள்ளம் தெரிந்தது.

“பிள்ளை, உதையும் போடும்.”

“போடலாம் அம்மா. தாங்கோ, சுண்ணாம்பைச் சுரண்டுவம்.”

“சுரண்டாதையும். உப்பிடியே வையும்.”

சுண்ணாம்பு தொட்டியைக் கெடுக்காது, காரத்தைச் சற்று ஏற்றும், அவ்வளவுதான். ஊறவைத்த நீரை எல்லாக் கற்களோடும் சேர்த்துப் பரிசோதித்தேன். உலோகம் எதுவும் இல்லை. அந்தக் கல்லை, அம்மா கேட்டபடி, அவருடைய கதிரைக்கு நேராகத் தெரியும் இடத்தில் வைத்தேன்.

அந்தத் தொட்டி அழகாக வந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. கடல்சாமந்திகள் விரிந்தன. கோமாளி மீன்கள் அவற்றுக்குள் குடிபுகுந்தன. பாசி மேய நத்தைகள், குப்பை பொறுக்க இறால்கள், உரிமம் பெற்ற பண்ணையில் வளர்த்த மென்பவளங்கள். நந்தன் வருகிறவர்களுக்கெல்லாம், “எங்கடை பழைய வீடு” என்று தொட்டியைக் காட்டினார். அம்மா காலையில் வந்து கதிரையில் இருந்தால் சாப்பாட்டுக்கு மட்டும்தான் எழும்புவார்.

ஒரு மத்தியானம் நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். “தட்டுது” என்றார்.

“என்ன அம்மா?”

“கேளும்.”

கேட்டேன். தொட்டிக்குள் இருந்து மெல்லிய சத்தம். மூன்று தட்டு. ஓர் இடைவெளி. திரும்பவும் மூன்று தட்டு. வெளியே வந்தவர் யன்னல் கதவைத் தட்டுவதுபோல.

கடலில் சத்தமிடும் இறால் ஒருவகை உண்டு. கல்லோடு ஒளிந்து வரும். ஆனால் இந்தக் கற்கள் பல தலைமுறை காற்றில் நின்ற கற்கள். அவற்றில் எதுவும் ஒளிந்து வந்திருக்க முடியாது. மீன்களைப் பார்த்தேன். எல்லாம் வரிசையாக யன்னல் கல்லின் பக்கம் முகத்தை வைத்து அசையாமல் நின்றன. மீன் ஓட்டத்தை எதிர்த்து நிற்கும், அதில் அதிசயமில்லை. அலை எழுப்பும் பம்பியை மறுபக்கச் சுவருக்கு மாற்றினேன். மீன்கள் திரும்பவில்லை. நீரோட்டம் கல்லில் பட்டு வளைந்து வருகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரியான விளக்கம்தான் அது.

“சிவம் உப்பிடித்தான் தட்டுவான்” என்றார் அம்மா.

சிவம் நந்தனின் தம்பி. நந்தன் வெளிநாடு போன பிறகு தாய் தகப்பனோடு அந்தப் பழைய வீட்டில் இருந்தவர். பிந்தி வந்தால் தகப்பனுக்குத் தெரியாமல் யன்னலைத் தட்டுவாராம். தாய் எழும்பிப் போய்க் கதவைத் திறப்பாராம். ஒருநாள் யாழ்ப்பாணம் போனவர் திரும்பவில்லை. தேடாத இடமில்லை. முகாம், சிறை, அரசாங்கக் கந்தோர் என்று எல்லாப் படியும் ஏறியாயிற்று. இருக்கிறார் என்றும் சொல்ல ஆளில்லை, இல்லை என்றும் சொல்ல ஆளில்லை. இறந்தவருக்கு முப்பத்தோராம் நாளில் செய்கிற அந்தியேட்டியை அவருக்குச் செய்ய அம்மா இன்றுவரை விடவில்லை.

அதற்குப் பிறகு இறால்கள் செத்தன. அடுத்து பவளங்கள் சுருங்கின. ஒரு காலையில் நந்தன் போன் எடுத்தார். “அக்கா, நத்தையள் வெளிக்கிட்டிட்டுதுகள்.”

போய்ப் பார்த்தேன். நத்தைகள் கண்ணாடியில் ஏறி, விளிம்பைத் தாண்டி விழுந்து, மாபிளில் ஈரக்கோடு இழுத்தபடி வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. சில வழியில் காய்ந்துவிட்டன. அம்மா ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்திருந்தார்.

“இதுகளுக்கும் இருக்க ஏலாமல் போச்சு” என்றார்.

மீன்கள் நலமாக இருந்தன. கல்லைப் பார்த்தபடி.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சற்று நேரம் நின்றேன். பிறகு விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். உப்புக்குப் பின்னால் அதே கைப்பு. சோதனைத் துளி விட்டேன், நிறம் மாறியது. செம்பு. குழாய், பூட்டு, ஆணி எல்லாம் பார்த்தேன், எங்கும் பிளாஸ்ரிக்தான். மிஞ்சியது கல். ஒவ்வொரு கல்லாக எடுத்து, சுத்தமான கடல்நீர் விட்ட வாளிகளில் தனித்தனியே போட்டு மூடினேன். அடுத்தநாள் வந்து பார்த்தபோது ஒரேயொரு வாளியில் நிறம் மாறியது. யன்னல் கல். நீரை மாற்றினேன், திரும்பவும் மாறியது. இன்னொருமுறை மாற்றினேன், இன்னொருமுறை மாறியது. அதன் பிறகுதான் ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். சுண்ணாம்பு ஊறிக் கரைந்த இடத்தில் ஒரு பொந்து. உள்ளே பச்சை பிடித்த தகடொன்று சுருண்டு கிடந்தது.

“அம்மா, இது என்ன?”

அவர் ஒளிக்கவில்லை. “தகடு. சிவத்துக்கு மந்திரம் எழுதுவிச்ச செம்புத்தகடு. எங்கை போனாலும் வீட்டுக்கு வழி திரும்பவேணும் எண்டு. நான்தான் யன்னல் கல்லிலை வைச்சுச் சுண்ணாம்பாலை அடைச்சனான்.”

நந்தனுக்குக் கோபம் தலைக்கேறியது. “உதை முதலே சொல்லியிருக்கலாமே அம்மா! அவ்வளவும் செத்துப்போச்சு!”

“நீ வீடு இடிக்கேக்கை எனக்குச் சொன்னனியோ?”

நந்தன் உளியை எடுத்துவந்தார். தகட்டை மட்டும் கழற்றிக் கோயிலில் கொடுக்கலாம் என்றார். அம்மா தடுக்கவில்லை. கதிரையில் இருந்தபடியே சொன்னார்:

“எடு. எடுத்துப்போட்டு அவன்ரை அந்தியேட்டியையும் செய்து முடி. ரெண்டும் ஒண்டுதான்.”

நந்தன் உளியைக் கீழே வைத்தார். அப்படி மெதுவாக ஓர் இரும்பைக் கீழே வைக்கும் மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பெரிய தொட்டியைக் காப்பாற்றுவது எனக்குத் தெரிந்த வேலை. நீரை மாற்றி, கரி போட்டு, செம்பை உறிஞ்சும் பஞ்சு போட்டு, மற்றக் கற்கள் குடித்ததையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கவைத்தேன். கடைசியில் ஒரு நத்தையை விட்டுப் பார்த்தோம். அது வெளியே வரவில்லை. தொட்டி தேறிவிட்டது.

அம்மா தேறவில்லை. யன்னல் கல்லை அவருடைய அறையில் மேசைமேல் வைத்திருந்தார்கள். அவர் அதில் காதை வைத்துக் கேட்டார். “நிண்டிட்டுது” என்றார். பிறகு சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்.

தட்டும் சத்தத்தின் காரணம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அலைப்பம்பி விட்டுவிட்டுத் தள்ளும். தள்ளும்போது பொந்துக்குள் கழன்ற தகடு கல்லில் அடிக்கும். நீருக்கு வெளியே தகடு அசையாது. ஆகவே அம்மாவின் அறையில் சிறிய தொட்டி ஒன்று வைத்தேன். கடல்நீர், யன்னல் கல், சிறிய அலைப்பம்பி. வேறு எதுவும் இல்லை; வேறு எதுவும் அதில் உயிரோடு இருக்கவும் முடியாது. சுவிச்சைப் போட்டேன். மூன்று தட்டு, ஓர் இடைவெளி. அம்மா அன்று பின்னேரம் கஞ்சி குடித்தார். உயிர் வாழ முடியாத நீரைச் சரியான உப்பிலும் சரியான சூட்டிலும் பராமரிப்பதற்குப் பாடநூலில் அத்தியாயம் இல்லை. ஆனாலும் கிழமைக்கு ஒருமுறை போய் அதைத்தான் செய்துவந்தேன். கரண்ட் போனால் பற்றரி முதலில் அந்தத் தொட்டிக்கு என்று நந்தன் வயரை மாற்றிவிட்டார்.

ஒருநாள் நந்தன் என்னைப் படலைவரை கூட்டிவந்தார். “அக்கா, அது பம்பிதானே?”

“ஓம்.”

“அதை நீங்கள் அம்மாவுக்குச் சொல்லுங்கோ. நான் சொன்னால் கேக்கமாட்டா. நீங்கள் படிச்சனீங்கள், நீங்கள் சொன்னால் நம்புவா. நம்பினால் சிவத்துக்குச் செய்யவேண்டியதைச் செய்வம். அவனும் எத்தினை வருசமாய் நடுவிலை நிக்கிறான்.” படலைக் கொளுக்கியை மாட்டினார். “நானும்தான்.”

நியாயமான வேண்டுகோள். அடுத்த கிழமை அம்மாவிடம் சொல்வதென்றே போனேன். துப்புரவு செய்யப் பம்பியின் பிளக்கைக் கழற்றிவிட்டுத் தொடங்கினேன்.

“அம்மா, இந்தச் சத்தம் இருக்கெல்லே, இது பம்பி தண்ணியைத் தள்ளேக்கை…”

“எனக்குத் தெரியும் பிள்ளை” என்றார். “நான் என்ன விசரியே? சுவிச்சைப் போட்டால் நீர் தட்டுறீர்.” மடியில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு கல்லைப் பார்த்தார். “போடாட்டி அவன் தட்டுறான். கொஞ்சம் இரும்.”

இருந்தேன். அது முதல் முறை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அம்மாவின் கைத்தடி கட்டில் காலில் பட்ட சத்தமாக இருக்கலாம். மண்டபத்துப் பெரிய தொட்டியின் அதிர்வு சுவர்வழியாக வந்திருக்கலாம். ஆகவே அடுத்த முறை அம்மாவை நந்தனின் மனைவி குளிக்க வார்க்கக் கூட்டிப் போன நேரம் பார்த்து அறைக்குள் போனேன். மண்டபத்துத் தொட்டியையும் நிறுத்தினேன். பிளக்குகளை என் கையால் கழற்றினேன். காற்றில்லாத உச்சி வெயில். கதவைச் சாத்தினேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சேர் நிற்பதுபோல, கண்ணாடிக்கு முன்னால் நின்றேன்.

அம்மா ஈரத்தலையோடு வந்து என் முகத்தைப் பார்த்தார். துவாயை எடுத்துத் தலையைத் துவட்டத் தொடங்கினார்.

படலையில் நந்தன் நின்றார். “சொன்னனீங்களோ அக்கா?”

“கொஞ்சம் பொறும் தம்பி” என்றேன். “இன்னும் ஒரு சோதனை கிடக்கு.”

அவர் இன்னும் பொறுத்துக்கொண்டிருக்கிறார். நான் கிழமை தவறாமல் போகிறேன், நீர் மாற்றுகிறேன். ஆனால் பம்பியை நிறுத்துவதில்லை. ஓடும் பம்பியோடேயே கண்ணாடியைத் துடைக்கிறேன். அது முறையல்ல என்று எனக்குத் தெரியும்.

பெட்டியைத் தாராளமாக வாங்குங்கள், பிள்ளைகளே. அது உப்பையும் சூட்டையும் சரியாகவே சொல்லும். நான் அந்த அறையில் இரண்டுமுறை நின்றிருக்கிறேன். மூன்றாவது முறை நிற்கவில்லை. எனவே சேரின் விதிப்படி, அதைப் பற்றி நான் இங்கே எதுவும் எழுதவில்லை.